பிஎம்ஆர் ரெசிடன்சி இன்டர்வியூ: போர்க்கதையில் தொடங்கலாமா?

பிள்ளையாரடி_பையன் (மட்டக்களப்பு)

எல்லோருக்கும் வணக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் எம்பிபிஎஸ், பிறகு இன்டர்ன்ஷிப், ஸ்டெப் 2 சிகே (அமெரிக்க லைசன்ஸ் பரீட்சையின் ஒரு கட்டம்), ஓஈடி (ஆங்கிலப் பரீட்சை) எல்லாம் முடித்துவிட்டு இந்தச் செப்டம்பரில் எராஸ் என்ற விண்ணப்பத் தளம் வழியாக அமெரிக்காவில் ஃபிசிக்கல் மெடிசின் அன்ட் ரிஹபிலிட்டேஷன் (பிஎம்ஆர், மறுவாழ்வு மருத்துவம்) ரெசிடன்சிக்கு, அதாவது நிபுணத்துவப் பயிற்சிக்கு, விண்ணப்பித்தேன். சில இடங்களில் இருந்து இன்டர்வியூ அழைப்பு வந்திருக்கிறது. சந்தோஷம்தான், ஆனால் அதைவிடப் பயம் அதிகம். மெடிசினுக்கும் பீடியாட்ரிக்ஸுக்கும் போன சீனியர்கள் நிறையப் பேரைத் தெரியும், பிஎம்ஆருக்குப் போனவர் ஒருவரையும் தெரியாது. வீட்டில் கேட்டால் "ஃபிசியோதெரபி படிக்கவா அமெரிக்கா போகிறாய்" என்கிறார்கள், அது வேறு கதை.

கேள்வி இதுதான். "ஏன் இந்தத் துறை" என்று கட்டாயம் கேட்பார்களாம். நான் எழுதி வைத்திருக்கிற பதில் இப்படித் தொடங்குகிறது: போர் நடந்த மண்ணில் பிறந்தேன், சுனாமி வந்தபோது சின்னப் பிள்ளை, கால் இழந்தவர்களைப் பார்த்து வளர்ந்தேன், அதனால் இந்தத் துறை என் மனதில் இடம்பிடித்தது. நண்பர்கள் நல்ல பதில் என்கிறார்கள், எனக்குத்தான் வாயில் வரும்போது ஏதோ உறுத்துகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கூடவே, மாரி மழைக்குள் சூமில் இன்டர்வியூ கொடுத்தவர்கள் கரண்ட், இன்டர்நெட் விஷயத்தை எப்படிச் சமாளித்தீர்கள்?

---

கல்லடிக்காரி

தம்பி, வாழ்த்துகள். வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு பிஎம்ஆரில் கிடைக்கிற இடம் மிகக் குறைவு, அதில் அழைப்பு வந்ததே பெரிய காரியம். பாதிக் கிணறு தாண்டியிருக்கிறீர்கள், மீதியில் விழாமல் பார்ப்போம். நான் இங்கே அமெரிக்காவில் பிஎம்ஆர் மூன்றாம் வருடம், போன சீசனில் விண்ணப்பதாரர்களைக் கேள்வி கேட்கிற பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன்.

உறுத்துவது சரியான இடத்தில்தான் உறுத்துகிறது. நீங்கள் எழுதியது ஊரின் கதை, உங்களுடையதல்ல. அதைக் கேட்கிற பேராசிரியர் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு "கேட்கவே கஷ்டமாக இருக்கிறது" என்பார். நீங்கள் நன்றி சொல்வீர்கள். பதினைந்து இருபது நிமிடம் ஓடுகிற இன்டர்வியூவில் அப்படி ஒரு பெரிய துண்டு போய்விடும், நீங்கள் எப்படிப்பட்ட டொக்டர் என்று அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அதைவிட மோசமானது, கொஞ்சம் கூர்மையான ஆள் என்றால், "நீங்கள் பார்த்து வளர்ந்த அந்த மனிதர் இப்போது எப்படி நடக்கிறார்?" என்று கேட்பார். அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

இந்தத் துறையின் ஆட்கள் நோயின் பெயரைக் கேட்டதும் அடுத்து நினைப்பது "இந்த ஆள் வீட்டுக்குப் போய் என்ன செய்வார்" என்பதைத்தான். எனது இன்டர்வியூ ஒன்றில் தென்னை மரத்தில் இருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன ஒருவரைப் பற்றிச் சொன்னேன். ரி12 முள்ளந்தண்டு எலும்பு முறிவு, சத்திரசிகிச்சை, எம்ஆர்ஐ என்று நான் வரிசையாகப் போக, கேட்டவர் கையை உயர்த்தி நிறுத்தி, சிறுநீர் எப்படிப் போனார் என்று கேட்டார். கதீற்றர் (சிறுநீர்க் குழாய்) நிரந்தரமாகவா, நேரத்துக்கு நேரம் போட்டு எடுப்பதா? இரவில் யார் புரட்டிப் படுக்க வைத்தது? மலசலகூடம் வீட்டுக்குள்ளா வெளியிலா? நல்ல காலம், அந்த வீட்டுக்கு நான் போயிருந்தேன். கடற்கரைப் பக்கத்து வளவு, ஆஸ்பத்திரியில் கொடுத்த வீல்செயாரின் முன்சில்லு இரண்டும் மணலில் புதைந்துவிடும், அதனால் வாசலில் இருந்து மலசலகூடம் வரைக்கும் அவருடைய மச்சான் பழைய கதவுப் பலகைகளைப் போட்டு ஒரு பாதை கட்டியிருந்தார். மிச்ச நேரம் முழுக்க அந்தப் பலகையைப் பற்றித்தான் பேசினோம்! சரிவு எவ்வளவு, மழை பெய்தால் வழுக்காதா, கையால் தள்ளி ஏறுகிற அளவுக்குத் தோள் பலம் இருந்ததா என்று.

அதனால் போரையும் சுனாமியையும் தூக்கி ஓரமாக வையுங்கள். உங்கள் வார்டில் நீங்களே கையால் தொட்டுப் பார்த்த ஒரு ஆளைச் சொல்லுங்கள். பெயர், ஊர், அடையாளம் தெரிகிற விவரங்களை மட்டும் மாற்றிவிடுங்கள், அதையும் கவனிப்பார்கள்.

---

சம்மாந்துறை_எம்ஓ

கல்லடிக்காரி சொல்வதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். போரை ஏன் ஓரமாக வைக்க வேண்டும்? அமெரிக்காவில் இந்தத் துறையே போரால் வளர்ந்ததுதானே. இரண்டாம் உலகப் போரில் காயப்பட்டு வந்தவர்களை ஹோவர்ட் ரஸ்க் கட்டிலில் கிடத்தி வைக்காமல் எழுப்பி வேலைக்குத் தயார்படுத்தினார், போர் முடிந்து 1947இல் துறைக்குத் தனி போர்டே வந்துவிட்டது. அவர்கள் தங்கள் போரைப் பெருமையாகச் சொல்லலாம், நாங்கள் சொன்னால் அனுதாபம் தேடுவதா?

நான் படுவான்கரைப் பக்கம் வேலை செய்தவன். அங்கே கண்ணிவெடியிலும் ஷெல்லிலும் கால் போனவர்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. வயது போகப் போக உடம்பு மாறுகிறது, ஸ்டம்ப் (வெட்டிய காலின் மிச்சப் பகுதி) மெலிகிறது அல்லது வீங்குகிறது, அது உள்ளே போகிற பழைய செயற்கைக்காலின் சொக்கெற் பொருந்துவதில்லை. சிலர் துணியைச் சுற்றித் திணித்துக்கொண்டு வயலுக்குப் போவார்கள். அது உராய்ந்து புண் வரும். கூடவே சீனி வருத்தமும் இருந்தால் அந்தப் புண் ஆறாது, மற்றக் காலுக்கும் ஆபத்து. முதல் காலைப் போர் எடுத்தது, இரண்டாவதைச் சீனி எடுக்கிறது. இது எங்கள் ஊரின் இன்றைய பிரச்சினை. இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஏன் அமெரிக்கா? கொழும்பில் டொக்டர்மாருக்கு நிபுணத்துவப் பயிற்சி தருகிற பிஜிஐஎம்மில் ருமற்றோலஜி (மூட்டு வாதம்) அன்ட் ரிஹபிலிட்டேஷன் இருக்கிறதே. பரீட்சை எழுதினால் சரி, இந்த இன்டர்வியூ நாடகம் ஒன்றும் இல்லை. வெளிநாட்டுப் பயிற்சியும் அதில் உண்டு. ராகமவில் அதற்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிறது.

---

கல்லடிக்காரி

எம்ஓ, நீங்கள் இப்போது எழுதிய சொக்கெற் பந்தி இருக்கிறதே, அதை அப்படியே இன்டர்வியூவில் சொன்னால் எந்தப் புரோகிராமும் உங்களை விடாது. அதில் போர் இருக்கிறது, ஆனால் ஒரு டொக்டர் பார்த்த போர். ஸ்டம்ப், சொக்கெற், புண், வயல் எல்லாம் இருக்கிறது. தம்பி எழுதியதில் இருந்தது "மனதில் இடம்பிடித்தது" மட்டும். அந்த அளவுக்கு என் வார்த்தையைத் திருத்திக்கொள்கிறேன்: சொல்வதானால் இப்படிச் சொல்லுங்கள்.

பிஜிஐஎம் பற்றிச் சொன்னது நியாயம். அங்கே மூட்டு வாதத்தையும் மறுவாழ்வையும் ஒரே ஆள் தலையில் கட்டுவார்கள், இங்கே மூட்டு வாதம் இன்டர்னல் மெடிசினுக்குப் பிறகு படிக்கிற தனித் துறை. எனக்கு முள்ளந்தண்டுக் காயமும் மூளைக் காயமும்தான் வேண்டியிருந்தது. பிள்ளையாரடித் தம்பிக்கு என்ன வேண்டும் என்று அவர்தான் சொல்ல வேண்டும். உண்மையில் இதையும் இன்டர்வியூவில் கேட்பார்கள், உங்கள் நாட்டில் இந்தத் துறை எப்படி இருக்கிறது என்று. அப்போது ஊரைக் குறை சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள், உள்ளதை உள்ளபடி இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

---

திருக்கோவில்_ஃபிசியோ

டொக்டர்மார் பேசுகிற இடத்தில் ஒரு ஃபிசியோதெரபிஸ்ற் மூக்கை நுழைக்கலாமா? நுழைத்துவிட்டேன்.

அம்பாறை மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் பல வருடம் வேலை செய்கிறேன். எங்களுக்கு வருகிற உத்தரவு என்ன தெரியுமா, பெட் ஹெட் ரிக்கெட்டின் (நோயாளியின் வார்டுக் குறிப்பேடு) அடியில் "ரெஃபர் ஃபிசியோ" என்று ஒரு கிறுக்கல். பாரிசவாதம் வந்த ஆளுக்கு எந்தக் கை, எவ்வளவு இறுக்கம், உட்கார விடலாமா, விழுங்க முடிகிறதா, ஒன்றும் இருக்காது. நான் போய் நோயாளியின் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். ஒருநாள் ஒரு ஹவுஸ் ஒஃபிசர் தம்பி என்னோடு கட்டிலடிக்கு வந்து, நான் அந்த அம்மாவை எழுப்பி உட்கார வைக்கும்போது மற்றப் பக்கம் பிடித்துக்கொண்டு, "அக்கா, இவருடைய இடது பக்கம் ஏன் இப்படிச் சாய்கிறது" என்று கேட்டார். அவ்வளவுதான் செய்தார், ஆனால் அந்த வார்டில் அப்படிக் கேட்ட வேறு ஆள் எனக்கு நினைவில்லை.

அமெரிக்காவில் மறுவாழ்வு வார்டில் சேர்க்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணிநேரம், கிழமைக்கு ஐந்து நாள் தெரபி என்று படித்தேன். எங்களுக்கு ஒரு நோயாளியோடு பதினைந்து நிமிடம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். அங்கே போகிற தம்பி தங்கச்சிமார், "டீமில் எப்படி வேலை செய்வீர்கள்" என்ற கேள்விக்குப் புத்தகப் பதில் சொல்லாதீர்கள். உங்கள் ஆஸ்பத்திரி ஃபிசியோவின் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று முதலில் உங்களையே கேட்டுப் பாருங்கள்.

---

கல்லடிக்காரி

அக்கா, கும்பிடுகிறேன். மூன்று மணிநேரம் சரிதான், அமெரிக்க அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிகெயாரின் விதி அது. கிழமைக்கு ஒருமுறை டொக்டர், நேர்ஸ், ஃபிசியோ, ஒகியுபேஷனல் தெரபிஸ்ற் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிறவர்), சோஷல் வேர்க்கர் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளியாகப் பேச வேண்டும் என்பதும் விதி. அந்த மேசையில் டொக்டரின் வேலை பாதி நேரம் வாயை மூடிக்கொண்டு கேட்பது. "தெரபிஸ்ற் ஒருவரோடு கருத்து வேறுபாடு வந்த சம்பவம் சொல்லுங்கள்" என்று நான் எல்லோரிடமும் கேட்பேன். நிறையப் பேர் தாங்கள் எப்படி வென்றார்கள் என்று சொல்வார்கள். அவர்களுக்கு நான் நல்ல மார்க் போட்டதில்லை.

---

பிள்ளையாரடி_பையன்

எல்லோருக்கும் நன்றி, பழைய பதிலை அழித்துவிட்டேன். ஃபிசியோ அக்காவின் பதிவை வாசித்தபோது ஒருவர் நினைவுக்கு வந்தார். மெடிக்கல் வார்டில் பாரிசவாதத்தோடு கிடந்த வாவி மீனவர் ஒருவர், வலது கை இறுகிப்போய் விரல் விரியாது. டிஸ்சார்ஜ் அன்று மருந்துச் சீட்டை விளக்கிக்கொண்டிருந்தேன், அவர் அதைக் கேட்கவே இல்லை, "தம்பி, ஒரு கையால வலை இழுக்கலாமா" என்றார். நான் கிளினிக் திகதியைச் சொன்னேன். இதைச் சொல்லலாமா? முடிவு ஒன்றும் இல்லாத கதை.

இன்னும் இரண்டு கேள்வி. வேறு துறைக்கும் போட்டிருக்கிறீர்களா, எங்கெங்கே இன்டர்வியூ என்று கேட்டால் என்ன சொல்வது? மற்றது, "ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்" என்றால்?

---

கல்முனை_நானா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம், எல்லாம். நான் பிஎம்ஆர் இல்லை, இன்டர்னல் மெடிசின், கல்முனையில் இருந்துகொண்டே எல்லா இன்டர்வியூவும் கொடுத்து மெட்ச்சில் (இரு பக்கமும் போடுகிற விருப்ப வரிசையைப் பொருத்தி இடம் கொடுக்கிற முறை) இடம் கிடைத்தவன். கதை சொல்ல மற்றவர்கள் இருக்கிறார்கள், நான் கரண்ட்காரன் வேலையைப் பார்க்கிறேன்.

தம்பி, முதலில் மணிக்கூடு. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் நேரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். ஒக்டோபரில் நியூயோர்க் காலை 8 மணி எங்களுக்குப் பின்னேரம் 5.30. நவம்பர் அந்த ஞாயிறுக்குப் பிறகு 6.30. சிகாகோ என்றால் 7.30, கலிஃபோர்னியா என்றால் இரவு 9.30 தொடங்கி அங்கே பகல் ஒரு மணிக்கு முடியும்போது எங்களுக்கு விடிய 2.30. அழைப்பில் நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற, நேர வலயத்தைக் காட்டுகிற மூன்று எழுத்தைப் பார்க்காமல் ஒன்றும் குறிக்காதீர்கள். அழைப்பு மெயிலும் எங்கள் இரவில்தான் வரும், நல்ல திகதிகள் சில நிமிடத்தில் போய்விடும், போன் சத்தத்தை அந்த மெயிலுக்கு மட்டும் போட்டு வையுங்கள். உம்மா ஏசுவா, பரவாயில்லை.

மழை. இந்த சீசன் எங்கள் மாரியோடு சரியாக வந்து பொருந்துகிறது, அமெரிக்கக்காரனுக்கு அது தெரியாது. ஃபைபர் இருந்தாலும் கரண்ட் போனால் ரவுட்டர் செத்துவிடும், ரவுட்டருக்கு மட்டும் சின்ன யூபிஎஸ் ஒன்று போடுங்கள், மணிக்கணக்கில் தாங்கும். போனில் வேறு கம்பனி சிம்மில் டேட்டா, ஹொட்ஸ்பொட் முன்கூட்டியே லெப்டொப்பில் இணைத்துப் பார்த்திருக்க வேண்டும். யாரும் சொல்லாத விஷயம் ஒன்று: கூரை. சீற் கூரையில் மழை விழுந்தால் நீங்கள் பேசுவது உங்களுக்கே கேட்காது. கொங்கிரீட் போட்ட அறை உள்ள ஒரு வீட்டை இப்போதே பார்த்து வையுங்கள், காதுக்குள் வைக்கிற மைக் இல்லாமல் வாய்க்கு முன்னால் வருகிற ஹெட்செற் எடுங்கள். ஒருங்கிணைப்பாளரின் மெயிலும் தொலைபேசி இலக்கமும் பேப்பரில் எழுதி மேசையில் இருக்க வேண்டும், லெப்டொப்புக்குள் இருந்து பிரயோசனம் இல்லை. வெள்ளம் வருகிற மாதிரி இருந்தால் முதல்நாளே அவர்களுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள், திகதி மாற்றித் தருவார்கள். நடுவில் அறுந்த பிறகு சொல்வதை விட அது மரியாதை.

---

கல்லடிக்காரி

நானா சொன்னதெல்லாம் தங்கம்.

தம்பி, வலைக் கதையைச் சொல்லுங்கள். முடிவு இல்லாததுதான் அதன் பலம். "நான் கிளினிக் திகதியைச் சொன்னேன், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த டொக்டர் ஆக வேண்டும் என்பதற்காக இங்கே நிற்கிறேன்" என்று நிறுத்திவிடுங்கள். ஆனால் அடுத்த கேள்விக்குத் தயாராக இருங்கள்: இன்றைக்கு அவர் வந்தால் என்ன செய்வீர்கள்? கை இறுக்கத்தை மொடிஃபைட் ஆஷ்வேர்த் அளவுகோலில் பார்ப்பது, இறுக்கம் தளர்த்துகிற போடொக்ஸ் ஊசி எந்தத் தசைக்கு உதவலாம், கையைத் தாங்குகிற ஸ்ப்ளின்ட், ஒரு கையால் செய்யப் பழக்குகிற ஒகியுபேஷனல் தெரபி, இவ்வளவையாவது மேலோட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், வள்ளத்தில் சமநிலை எப்படி, நீந்தத் தெரியுமா, கூட யார் போவார்கள் என்று யோசிக்கிற ஆளாக இருப்பது.

எங்கெங்கே இன்டர்வியூ என்று கேட்பதற்கு மெட்ச் நடத்துகிற என்ஆர்எம்பி விதிகள் இடம் கொடுப்பதில்லை, எந்த வரிசையில் போடப் போகிறீர்கள் என்று கேட்கவும் கூடாது. கேட்டுவிட்டால் சட்டம் பேசாதீர்கள், "ஃபிசியாட்ரிதான் (பிஎம்ஆரின் இன்னொரு பெயர்) என் இலக்கு" என்று சிரித்துவிட்டு உங்கள் புரோகிராமில் எனக்குப் பிடித்தது இது என்று திருப்பிவிடுங்கள். அந்த "இது" உண்மையானதாக இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளை நீங்களும் தயார் செய்யுங்கள், எங்கள் ஆட்கள் இந்த இடத்தில்தான் சொதப்புகிறார்கள். "கேள்வி ஒன்றும் இல்லை, எல்லாம் தெளிவு" என்று பணிவாகச் சொல்வது இங்கே அக்கறையின்மையாகத் தெரியும். சுமார் 200 ஈஎம்ஜி (தசை, நரம்பு மின்) பரிசோதனை பயிற்சிக்குள் செய்ய வேண்டும், அதை எந்த வருடத்தில் தொடங்குவார்கள்? முள்ளந்தண்டுக் காயக்காரர்கள் சொந்த வார்டிலா, வெளி ஆஸ்பத்திரியிலா? இரவுக் கடமை ஆஸ்பத்திரியிலா வீட்டில் இருந்தா? இவற்றை ரெசிடன்ட்மாரிடம் கேளுங்கள், முதல்நாள் அவர்களோடு நடக்கிற சூம் சந்திப்பைத் தவற விடாதீர்கள்.

ஒரு பொறி. சில இடங்கள் நான்கு வருடமும் சேர்த்துத் தருவார்கள், சில இடங்கள் இரண்டாம் வருடத்தில் இருந்துதான். அப்படியானால் முதல் வருட இன்டர்ன் இடத்துக்கு வேறாக விண்ணப்பித்து, வேறாக இன்டர்வியூ கொடுத்து, பட்டியலும் வேறாகப் போட வேண்டும். பிஎம்ஆர் கிடைத்து முதல் வருடம் கிடைக்காமல் தவிப்பது பெரிய அவஸ்தை. கடைசியில் வரிசை போடும்போது யார் அதிகம் சிரித்தார்கள் என்று கணக்குப் பார்க்காதீர்கள், உங்களுக்கு எது வேண்டுமோ அதை மேலே போடுங்கள், அந்தக் கணிமுறையே விண்ணப்பதாரர் விருப்பத்தில் இருந்துதான் தொடங்குகிறது.

---

சம்மாந்துறை_எம்ஓ

ஐந்து வருடக் கேள்வியை ஒருவரும் தொடவில்லையே. "ஊருக்குத் திரும்பி மட்டக்களப்பில் மறுவாழ்வுப் பிரிவு தொடங்குவேன்" என்று எல்லோரும் சொல்வார்கள், ஒருவரும் வரமாட்டார்கள்.

---

கல்லடிக்காரி

குத்துகிறீர்கள், குத்துங்கள். ஜே1 என்ற பயிற்சி விசாவில் வந்தால் முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது சட்டம். டொக்டர் பற்றாக்குறை உள்ள அமெரிக்க ஊர் ஒன்றில் மூன்று வருடம் வேலை செய்து அதைத் தள்ளுபடி வாங்கிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். இன்டர்வியூ எடுப்பவருக்கும் இது தெரியும். அதனால் வாக்குறுதி ஒன்றும் கொடுக்காதீர்கள் தம்பி, எந்த உபதுறை பிடிக்கிறது, ஏன் என்று சொல்லுங்கள், ஊரோடு என்ன தொடர்பு வைத்திருக்க ஆசை என்றால் செய்யக்கூடியதை மட்டும் சொல்லுங்கள். நான் வருவேனா என்று கேட்டால், இன்றைக்கு எனக்குப் பதில் இல்லை.

விசா என்றதும் இன்னொன்று. ஜே1க்குக் கொழும்பில் சுகாதார அமைச்சில் இருந்து துறையின் பெயர் போட்ட கடிதம் வேண்டும். மெட்ச் ஆன பிறகு ஓடாமல் இப்போதே அதன் நடைமுறையை விசாரித்து வையுங்கள். எச்1பி என்ற வேலை விசா கேட்கிற எண்ணம் இருந்தால் லைசன்ஸ் பரீட்சையின் கடைசிக் கட்டமான ஸ்டெப் 3 முடித்திருக்க வேண்டும்.

---

திருக்கோவில்_ஃபிசியோ

தம்பி, அந்த மீனவருக்கு இப்போது எப்படியாம்? கிளினிக் வருகிறாரா? வந்தால் எந்த நாள் என்று சொல்லுங்கள், மட்டக்களப்பில் எனக்குத் தெரிந்த ஒகியுபேஷனல் தெரபிஸ்ற் ஒருவரிடம் சொல்லி வைக்கிறேன். இன்டர்வியூவுக்காக இல்லை.

---

பிள்ளையாரடி_பையன்

அக்கா, வியாழக்கிழமை கிளினிக். கொப்பியைப் பார்த்து உறுதிப்படுத்தி இன்பொக்ஸில் போடுகிறேன். கல்லடி அக்கா, ஒரு மொக் இன்டர்வியூ வைக்க நேரம் இருக்குமா?

---

கல்லடிக்காரி

சனிக்கிழமை உங்கள் நேரம் இரவு 8 மணி. எம்ஓவும் வரட்டும், ஐந்து வருடக் கேள்வியை அவரே கேட்கட்டும், என்னைவிடக் கடுமையாகக் கேட்பார். கோட், டை கட்டிக்கொண்டு வாருங்கள். கீழே சாரம் என்றால் பரவாயில்லை, எழும்பாமல் இருந்தால் சரி.

---

கல்முனை_நானா

ரவுட்டருக்கு யூபிஎஸ் வாங்கியாச்சா என்று முதலில் சொல்லுங்கள்.